ஆடு தொங்க மூன்று கால்

அன்பு மருமகன் முபீனுக்கு,

மதுரை காஜிமார் தெருவிலிருந்து மாமனார் நைனா முகமது சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மாமியார் ஹாஜராவும் நலம். பின்கட்டில் கட்டியிருக்கும் ஆடும் நலம். நலமில்லாமல் போனது நீங்கள் சொன்ன அலுமினியக் குழாய் ஒன்றுதான். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீங்கள் நடுநடுவே "மாமா, ஒரு நிமிஷம்" என்பீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

போன பக்ரீத்துக்கு உங்கள் மாமியாரின் தம்பி அல் அமீன் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "முப்பது கிலோ நிக்கும் மச்சான், என் கை பொய் சொல்லாது" என்று வாங்கி வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பங்கு வைத்தபோது தெருக்கோடி வீட்டுக்குப் போன பொட்டலம் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைவிடச் சிறியது. அதனால்தான் இந்த வருடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: என் கண்ணெதிரே தொங்கவிட்டு எடை போடாத ஆடு இந்த வாசல் ஏறாது. அல் அமீன் சிரித்தான். "அப்ப இந்தப் பெருநாளைக்குக் கத்திரிக்காதான்" என்றான். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் உங்களிடம் யோசனை கேட்டேன். சந்தைக்குக் கையில் தூக்கிப் போக ஒரு மடக்குச் சட்டம் வேண்டும், விரித்தால் மூன்று கால், உச்சியில் ஒரு போல்ட், கொக்கியில் தராசு, தராசில் ஆடு. நீங்கள் பம்ப் கம்பெனி இன்ஜினியர். "அலுமினியக் குழாய் போதும் மாமா" என்றீர்கள். தாளில் வேறு எழுதித் தந்தீர்கள். தாள் எதற்கு? அலுமினியம் என்ற ஒரு சொல்லை நினைவில் வைக்க முடியாத வயது எனக்கு இன்னும் வரவில்லை.

வாங்கினேன், வெட்டினேன், துளையிட்டேன். குடையைப் போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்கு பஸ்ஸில் போய் இறங்கினேன். அல் அமீன் வேடிக்கை பார்க்கவென்றே கூட வந்தான். ஆட்டுக்காரர் தவசி ஒரு கறுப்புக் கிடாயைக் காட்டினார். வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துக் கட்டித் தூக்கினோம். ஆடு தொங்கியது, எண் ஓடியது, நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன், அது ஒரு உதை உதைத்தது. நிற்கிற ஆட்டின் கனம் வேறு, உதைக்கிற ஆட்டின் கனம் வேறு என்று உங்கள் கல்லூரியில் சொல்லித் தரவில்லையா? ஒரு கால் நடுவில் முழங்கால் மடித்து உட்கார்ந்தது. மற்ற இரண்டும் அதற்கு மரியாதை செய்வதுபோலப் படுத்தன. ஆடு என் தராசோடு சந்தை முழுக்க ஓடியது.

"மச்சான், மடக்குற சட்டம்னு சொன்னீங்க, இது தானாவே மடங்குதே!" என்றான் அல் அமீன். டீக்கடைக்காரர் பாலைப் பொங்கவிட்டுச் சிரித்தார்.

நான் விடவில்லை. கோச்சடையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பால்பாண்டியிடம் போனேன். குழாயைச் சோதிக்க நான் ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறேன், நீங்களும் குறித்துக்கொள்ளலாம். இரண்டு செங்கல்லின் மேல் குழாயை வைத்து, நடுவில் நான் ஏறி நிற்பது. ஒயர் விடுகிற குழாய் நான் ஏறுமுன்பே வளைந்தது. மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் பளபளப்புக் குழாய் பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது, ஏறியதும் வில்லாகிவிட்டது. கடைசியில் தண்ணீருக்குப் போடும் ஒன்றரை அங்குல இரும்புக் குழாய், அதிலும் தடித்த ரகம். ஏறினேன், நின்றேன், குதித்தேன். குழாய் அசையவில்லை. செங்கல் உடைந்தது.

"பாய், இது ஆட்டுக்கா, வைகைப் பாலத்துக்கா?" என்றான் பால்பாண்டி.

"வெட்டுப்பா" என்றேன்.

சட்டத்தை எடை போட அந்தச் சட்டத்தாலேயே முடியாது என்பதால் பழைய இரும்புக் கடையில் வைத்துப் பார்த்தோம். இருபத்தொன்பது கிலோ. பஸ்ஸில் ஏற்ற மறுத்தார்கள். லோடு ஆட்டோவில் போய், நாலு பேர் பிடித்து விரித்தோம். அதே கறுப்புக் கிடாய். தூக்குமுன் அல் அமீன் அதன் முதுகில் ரெண்டு விரலை வைத்து அழுத்தி, "இருபத்தாறு. கொஞ்சம் கூட இருக்கும்" என்றான். தூக்கினோம். உதைத்தது, துள்ளியது, சுற்றியது. சட்டம் மினார் மாதிரி நின்றது. தராசு காட்டியது: இருபத்தாறு கிலோ நானூறு.

சந்தையே கைதட்டியது. "இம்புட்டு இரும்பு எதுக்கு பாய்? அவரு ரெண்டு வெரலு போதாதா?" என்றார் தவசி. அந்த விரல் சரி என்று இன்றைக்குத்தானே நிரூபணமாயிற்று என்று நான் கேட்டேன். அதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள். பதினொரு ஆடு தொங்கியது. ஒவ்வொன்றுக்கும் அல் அமீன் முதலில் எண்ணைச் சொல்ல, நான் தராசைப் படிக்க, கூட்டம் கூவ, எங்கள் இருவருக்கும் டீ வந்துகொண்டே இருந்தது. திரும்பும்போது ஆடு நடந்து வந்தது, சட்டம் ஆட்டோவில் வந்தது. அல் அமீன் என் தோளில் கையைப் போட்டு, "அடுத்த வருசமும் வாரேன் மச்சான்" என்றான்.

போன வருடம் பங்கு ஏன் சிறுத்தது என்று அன்றிரவு ஹாஜராவிடம் கேட்டேன். "ஒங்க சிநேகிதருகளுக்கு அம்புட்டையும் அள்ளிக் கொடுத்தது யாரு?" என்றாள். அது இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

ஆகவே மாப்பிள்ளை, அலுமினியம் என்ற பேச்சை இனி இந்தக் குடும்பத்தில் எடுக்க வேண்டாம். என் மகள் ஷைமாவுக்கும் உங்களுக்கும் நீண்ட ஆயுளையும், கனம் தாங்கும் புத்தியையும் இறைவன் தருவானாக.

இப்படிக்கு,
மாமனார் நைனா முகமது

பி.கு.: உறையை ஒட்டக் கண்ணாடியைத் தேடியபோது, அதன் கூட்டுக்குள் உங்கள் தாள் அகப்பட்டது. "அலுமினியக் குழாய், ஒன்றரை அங்குலம், சுவர்த் தடிமன் மூன்று மில்லி. ஜன்னல் திரைக்குப் போடும் குழாயை வாங்கிவிடாதீர்கள் மாமா" என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் வாங்கியது ஜன்னல் திரைக் குழாய். முதலில் உள்ள சலாமையும் கடைசியில் உள்ள துஆவையும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ளதைக் கிழித்துவிடுங்கள். இருந்தாலும் மூன்று மில்லி என்பதை இன்னும் பெரிதாக எழுதியிருக்கலாம். பெருநாளுக்கு வரும்போது நீங்கள் எழுதிய அந்தக் குழாயில் மூன்று கால் கொண்டுவாருங்கள். பதினொரு ஆட்டின் உதையில் போல்ட் இறுகி, இரும்புச் சட்டம் இப்போது மடங்கவே மாட்டேன் என்கிறது. விரித்தபடியே ஆட்டோவில் வந்து, விரித்தபடி வாசலில் நிற்கிறது. நடுவில் கொக்கி தொங்குகிறது, குனிந்து வாருங்கள். மூன்று நாளாக நானும் குனிந்துதான் போய்வருகிறேன்.