மாஸ்டர் கை காட்டுகிறார்

வாய்ஸ் ரெக்கார்டரை ஒயரால் கம்ப்யூட்டரோடு இணைத்ததும் பாட்டு ஃபைல் திரையில் தெரிந்தது. தட்டினால் மட்டும் பாடவில்லை. "இதை எதைக் கொண்டு திறப்பது?" என்று கம்ப்யூட்டர் ஹெலனையே திருப்பிக் கேட்டது.

ஐந்து மணிக்கு ஹெலனின் தங்கை உதயாவுக்குக் கல்யாணம். ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச் ஹாலில் பாடகர் குழு தயார், பாட்டுதான் தயாரில்லை. உதயாவுக்கென்றே மெட்டுப் போட்ட ஆரோக்கியசாமி மாஸ்டர், அதைத் தன் பழைய ரெக்கார்டரில் பாடி வைத்துவிட்டுத் தொண்டை ஆபரேஷனுக்குப் படுத்துவிட்டார். பேசக் கூடாது. வலது கையில் டிரிப்ஸ், எழுதவும் முடியாது. அவர் மனைவி வீடியோ கால் போட்டுக் கொடுத்துவிட்டு கேண்டீனுக்குப் போயிருக்க, ஹெலனின் போனிலிருந்து மாஸ்டர் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஈஸிக்கா. ஃபைல் பேரு கடைசியில எம்பி3ன்னு மாத்தினா பாடிடும்," என்றான் கீபோர்டு வாசிக்கும் ஹரிஷ்.

மாற்றினான். "ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது" என்றது கம்ப்யூட்டர். பின்னே? உப்பு டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் இனிக்குமா? அந்தக் காலத்து ரெக்கார்டர்கள் சின்ன இடத்தில் நிறையப் பேச்சை அடைக்க, குரலைத் தங்கள் பாணியில் மடித்து வைக்கும். எந்த மடிப்பை முதலில் பிரிப்பது என்பது அதைச் செய்த கம்பெனியின் மென்பொருளுக்குத்தான் தெரியும். அந்த மென்பொருள் வந்த சி.டி. மாஸ்டர் வீட்டில் எந்த மூலையில் கிடக்கிறதோ.

"பேர பழையபடி மாத்துடா. பாட்டே அழிஞ்சிடப் போவுது," என்றாள் ஹெலன்.

மாற்றிவிட்டு, இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினான் ஹரிஷ். அது பாடியது. ஆனால் பாடியது ரம்மி விளம்பரத்தை. ஹால் ஸ்பீக்கரில் அது முழங்க, ஃபாதர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்ததில் மாஸ்டரின் குரலே வந்தது. கொசுவின் வடிவில். ரெக்கார்டர் நிதானமாகச் சேமித்த குரல் துணுக்குகளை இந்த மென்பொருள் அவசரமாக அள்ளி வீசியது. வேகம் கூடினால் குரலும் மேலே ஏறிவிடும்.

போனில் மாஸ்டர் இடது கையால் எதையோ பிடித்து இழுப்பதுபோலக் காட்டினார்.

"ஸ்பீடு ஜாஸ்தியாம். இழுத்துப் பாடணுமாம்," என்றாள் குழுவில் பாடும் ஸ்னேஹா. வருடக்கணக்காக அவர் கையைப் பார்த்தே பாடும் குழு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஹரிஷ் வேகத்தைக் குறைத்தான். கொசு எருமையானது.

மாஸ்டர் கட்டைவிரலைக் கீழே அழுத்திக் காட்டினார்.

"சவுண்டக் கம்மி பண்ணணுமாம்."

குறைத்தார்கள். எருமை இப்போது பக்கத்துத் தெருவில் கத்தியது. மாஸ்டர் இழுத்தார், அழுத்தினார். இன்னும் வேகமாக இழுத்தார், அழுத்தினார்.

"பார்த்தீங்களா, தாளம் போடறாரு," என்றாள் ஸ்னேஹா.

குழு அந்தத் தாளத்துக்கு எருமையோடு சேர்ந்து பாடவே தொடங்கிவிட்டது. மாஸ்டர் கண்களை மூடிக்கொண்டார்.

"உருகிட்டாருக்கா," என்றான் ஹரிஷ்.

மாஸ்டரின் நெற்றிக்கு மேல் உதயாவின் மெசேஜ் வந்து விழுந்தது: 'கார் கெளம்பிடுச்சு. என் பாட்டு ரெடிதானேக்கா?' ஹெலனுக்கு அழுகை முட்டியது.

போனில் ஒரு ஃப்ளாஸ்க் தெரிந்தது. பின்னாலேயே மாஸ்டரின் மனைவி. கணவரின் கையை ஒருமுறை பார்த்தார்.

"ஏம்மா ஹெலன், நோயாளிய எதுக்கு இந்தப் பாடு படுத்துறீங்க? ஒயரப் புடுங்கிட்டு ரெக்கார்டர்ல இருக்கிற ப்ளே பட்டன அமுக்கச் சொல்றாரு. அதுலயே ஸ்பீக்கர் இருக்குது, பாடும்."