வெள்ளைக்காரம்மாவுக்குப் பலமான வரவேற்பு

எங்கள் நாமக்கல் பக்கத்தில் ஒருவன் ஏழையா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவன் வீட்டுக்கு விருந்தாளியாக மட்டும் போகக் கூடாது. கடன் வாங்கியாவது கோழி அடித்துவிடுவான். இந்த எளிய உண்மை, எம்.ஏ. படித்த எனக்கு ஒரு பள்ளியின் கழிப்பறையை ஏறக்குறையப் பறிகொடுத்த பிறகுதான் விளங்கியது.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே அரசு நடுநிலைப் பள்ளியில் நான் ஆங்கில வாத்தியார். பெண்பிள்ளைகளின் கழிப்பறை மழையில் இடிந்து விழுந்திருந்தது. அன்று முதல் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிக்காமல் வந்தார்கள். பெரிய பிள்ளைகள் வருவதையே குறைத்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் வெளிநாட்டுத் தன்னார்வலர் குழு ஒன்று, தேவை இருப்பதை நேரில் பார்த்தால் கட்டித் தருவதாகச் சொன்னது. பார்க்க வந்தவர் மார்த்தா, ஓய்வுபெற்ற நர்ஸ். மொழிபெயர்ப்பு, வரவேற்பு இரண்டும் என் பொறுப்பு. (மொழிபெயர்ப்போடு நிறுத்தியிருக்கலாம்.)

பந்தல் போட்டேன். ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி பொன்னுசாமி தன் காரை அனுப்பினார். ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியில் மரவள்ளிக் கிழங்கு உரிக்கும் சரசு, பொன்னுசாமி மனைவியின் ஆரத்தை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஆரத்தி எடுத்தார். இடிந்த கழிப்பறை மட்டும் கண்ணை உறுத்தியது. வந்த விருந்தாளி அதையா பார்ப்பது? அதன் முன்னால் ‘வருக வருக’ என்று பெரிய ஃபிளெக்ஸ் கட்டினேன். நடுவில் மார்த்தா. அவரைவிடச் சற்றே பெரிதாக, கைகூப்பியபடி நான்.

இளநீர், காபி, மறுபடி இளநீர். பிறகு பள்ளிபாளையம் சிக்கனோடு இலைச் சாப்பாடு. கை கழுவிய மார்த்தா என்னிடம், “பிள்ளைகள் போகும் கழிப்பறைக்கே நானும் போகிறேன்” என்றார்.

அவர் வந்ததே அதைப் பார்க்கத்தான். எனக்கோ ஊர் மானம்தான் பெரிதாகப் பட்டது. விருந்தாளியைப் புதருக்கா அனுப்புவது? காரில் ஏற்றிப் பொன்னுசாமியின் பங்களாவுக்குக் கொண்டுபோனேன். பளிங்குத் தரை, கீசர், ஆளுயரக் கண்ணாடி.

“என் வீட்டில்கூட இப்படி இல்லை. பிள்ளைகளும் இங்கேதான் வருகிறார்களா?” என்று கேட்டார்.

“இந்த ஊரில் எல்லார் வீடும் எல்லாருக்கும் சொந்தம்” என்று ஆங்கிலத்தில் அள்ளிவிட்டேன். (நல்ல ஆங்கிலம். அதில் ஒரு பிழையும் இல்லை.)

பந்தலுக்குத் திரும்பியதும் மார்த்தா மைக்கைப் பிடித்தார். “இந்த ஊரைப் பார்த்து மனம் நிறைந்தது. இங்கே எங்கள் உதவி தேவையில்லை. வேறொரு நாட்டில் நிஜமாகவே கழிப்பறை இல்லாத பள்ளி இருக்கிறது. அதற்கு நீங்களும் கைகொடுத்தால் மகிழ்வோம்” என்றார். இதை ஊர் முன்னால் நான் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

மேடையில் கேட்டால் இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத பொன்னுசாமி எழுந்தார்.

“அதுக்கென்னுங்க, நம்மூரு பேருல அங்க ஒரு கக்கூஸ நானே கட்டித் தாரேன்னு சொல்லுங்க சார்.”

கைதட்டல். அதற்குள் சரசு எழுந்துவிட்டார்.

“ரொம்ப நல்லதுங்க. ஆனா எம்புள்ள அங்க போயிட்டு வாரதுக்குள்ள இஸ்கோல் மணி அடிச்சுருமுங்களே.”

சிரிப்பு அடங்குமுன் அவர் நேராகப் போய் ஃபிளெக்ஸின் கயிற்றை அவிழ்த்தார். கைகூப்பியபடி நான் குப்புற விழுந்தேன். பின்னால் சுவர் பாதி, எருக்கஞ்செடி பாதியாகக் கழிப்பறை நின்றது.

மார்த்தா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதை ஏன் காட்டவில்லை?”

“நீங்கள் விருந்தாளி ஆயிற்றே” என்றேன்.

அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அங்கேயே அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார். கைதட்டல் வாங்கிய பொன்னுசாமியும் தப்பவில்லை; போர்வெல்லும் தண்ணீர்த் தொட்டியும் அவர் தலையில் விழுந்தன. தன்னார்வலர்களோடு நானும் செங்கல் சுமந்தேன். “மெதுவாத் தூக்குங்க சாமி, கல்லுக்கு வலிக்கப் போவுது” என்றார் சரசு. கட்டி முடித்ததும் அவர் மகளும் மற்றப் பிள்ளைகளும் தண்ணீர் பாட்டிலோடு வரத் தொடங்கினார்கள்.

போன வருஷம் என் மகளைப் பெண் பார்க்கச் சூரமங்கலத்திலிருந்து வந்தார்கள். வழியில் என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் டீக்கடைக்காரர்தான், “அட, கக்கூஸ மறைச்ச வாத்தியார் ஊடுங்களா?” என்று வழி காட்டினாராம்.

மாப்பிள்ளையின் அப்பா ரயில்வேயில் இருந்தவர். எதையும் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். பஜ்ஜியைக் கையில் எடுத்தபடி கேட்டார்: “ஏனுங்க, வேற எதையாச்சும் மறைச்சு வெச்சிருக்கீங்களா?”

நான் வாய் திறக்குமுன் என் மனைவி சொன்னாள்: “மறைக்கோணும்னுதானுங்க பார்த்தோம். அதுக்குள்ள இவரே வாசலுக்கு வந்து நின்னுட்டாருங்க.”