அலகம்மை ஒண்ணுக்குப் போன கதை

ஒரு காட்டில் ஒரே ஒரு அத்திமரத்துக்கு மூன்று வைஃபை இருந்தது. சிரிக்காதீர்கள். உங்கள் அபார்ட்மெண்டில் எத்தனை இருக்கிறது என்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.

மேல்கிளையில் வாலாம்பாள் என்ற மலை அணில் குடியிருந்தாள். கீழ்க்கிளையில் புனுகுசாமி என்ற புனுகுப் பூனை. நடுவில் இருந்த பொந்தில் அலகம்மை என்ற இருவாச்சிப் பறவை. இருவாச்சிகளின் வழக்கம் தெரியுமோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் விடும். அதன் வழியாகப் புருஷன் பழம் ஊட்ட வேண்டியது. குஞ்சு வளரும்வரை அம்மா வெளியே வரமாட்டாள். அப்படித்தான் அலகம்மை உள்ளே உட்கார்ந்திருந்தாள். அடியில் ஒரு முட்டை, எதிரில் ஒரு போன், மூலையில் ஒரு ரவுட்டர்.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு அவளுக்கு வீடியோவில் இன்டர்வியூ. விதை பரப்புத் துறையில் வட்டார அலுவலர் வேலை. பழத்தைத் தின்றுவிட்டு விதையைக் காடெல்லாம் போட்டுக்கொண்டே போக வேண்டும். சம்பளம் இல்லாமல் அவள் சின்ன வயதிலிருந்து செய்துவருவதுதான். போன இரண்டு வருஷமும் அவள் அடைபட்டிருந்த மாசமாகப் பார்த்து இன்டர்வியூ வைத்தார்கள், வேலை கைநழுவிப் போயிற்று. இந்த வருஷம்தான் வீடியோவில் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பும் முடிகிறது.

ஒன்பது மணிக்கு ஒரு தடவை சோதித்துப் பார்த்தாள். சிக்னல் கட்டம் எல்லாம் முழுசாக இருந்தது. ஆனால் திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த அலகம்மைக்குத் தலையும் சேர்ந்து சுற்றியது.

"என்னங்க! பறந்து போய் கொத்தையாவைக் கூட்டிட்டு வாங்க. நெட்டு செத்துக் கிடக்கு!"

புருஷன் சிறகப்பன் பறந்தான். கொத்தையா ஒரு மரங்கொத்தி. காடு முழுக்க ரவுட்டர் ரிப்பேருக்கு அவர்தான். வந்தவர் மரத்தை மூன்று இடத்தில் டொக் டொக்கென்று தட்டினார், காதை வைத்துக் கேட்டார். எதற்குத் தட்டுகிறார் என்று அவருக்கே தெரியாது, ஆனால் தட்டாவிட்டால் பார்க்கிறவர்களுக்குத் திருப்தி வராது. அப்புறம்தான் போனை எடுத்துப் பார்த்தார்.

"அடக் கொடுமையே! மூணு வீட்டு ரவுட்டரும் ஆறாம் சேனல்லயே குந்தியிருக்கு. ஒரே பாதையில மூணு பேரும் முட்டிக்கிட்டு நின்னா எப்படி நெட்டு போகும்?"

"இப்ப என்னதான் பண்ணணும்?" என்று சந்து வழியாகக் கேட்டாள் அலகம்மை.

"ரொம்ப சுலபம். ஒருத்தர் ஆறுலயே இருங்க. ஒருத்தர் பதினொண்ணுக்குப் போங்க. மிச்சம் இருக்கிறவர் ஒண்ணுக்குப் போங்க."

மேல்கிளையிலிருந்தும் கீழ்க்கிளையிலிருந்தும் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"என்னது?" என்றாள் வாலாம்பாள்.

"யாராவது ஒருத்தர் ஒண்ணுக்குப் போயே ஆகணும்க்கா. போனாத்தான் மத்தவங்களுக்கு நெட்டு வரும்."

"சீச்சீ! நாலு பேர் குடியிருக்கிற மரத்துல என்ன பேச்சுய்யா இது!"

"நான் சேனலைச் சொல்றேன் தாயே!"

"சேனலோ கீனலோ," என்று மீசையை முறுக்கினார் புனுகுசாமி. "வாசனைக்குப் பேர் போன குடும்பம் எங்களுது. நாளைக்கு யாராவது வந்து புனுகுசாமி எங்கேன்னு கேட்டா, ஒண்ணுக்குப் போயிருக்கார்னு சொல்லுவீங்களா? வேணும்னா உங்க வாலாக்கா போகட்டும்."

"யாரைப் பார்த்து ஒண்ணுக்குப் போன்னு சொல்றே? நீ போ! உங்க வீட்ல எல்லாரும் வரிசையாப் போங்க!"

கொத்தையா கையெடுத்துக் கும்பிட்டார். புற்றில் பாம்பு பாஸ்வேர்டை மறந்துவிட்டதாம், அவசரமாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியே போனார்.

சிறகப்பன் நல்லவன். ஆனால் அளவுக்கு மீறிய நல்லவன். யார் சண்டை போட்டாலும் அவனுக்குக் கண் கலங்கிவிடும். இரண்டு கிளைக்கும் நடுவில் நின்று தழுதழுத்தான். "ஒரே மரத்துப் பழத்தைச் சாப்பிடுறோம். ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுக்கக் கூடாதா? ஒற்றுமைதாங்க நமக்குப் பலம்!"

வாலாம்பாள் மூக்கை உறிஞ்சினாள். புனுகுசாமி வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூவரும் அவரவர் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். வாலாம்பாள், பாவம் இவர்கள் ஆறிலேயே இருக்கட்டும் என்று பதினொண்ணுக்கு மாறினாள். புனுகுசாமியும் அதையே நினைத்துப் பதினொண்ணுக்கு மாறினார். சிறகப்பன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் வீட்டு ரவுட்டரையும் பதினொண்ணுக்கு மாற்றினான்.

உள்ளே அலகம்மையின் வட்டம் விடாமல் சுற்றியது.

"அடடே, நீங்களும் இங்கதான் வந்தீங்களா!" என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "எவ்வளவு பெரிய மனசு அண்ணே உங்களுக்கு!" "உன் மனசு வருமாம்மா!" அந்த நெகிழ்ச்சியிலேயே, நீங்கள் இங்கேயே இருங்கள் என்று சொல்லி ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்து மூவரும் மறுபடி ஆறுக்கு வந்து சேர்ந்தார்கள். மறுபடி கட்டிப்பிடித்தார்கள். இப்படி நாலு தடவை. எங்கே போனாலும் எல்லாரும் சேர்ந்தே போனார்கள். ஒண்ணுக்கு மட்டும் ஒருத்தரும் போகவில்லை.

மணி பத்து ஐம்பது. வெளியே அன்பு பொங்கி வழிகிறது, உள்ளே அலகம்மைக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. மூன்று வருஷக் கனவு, பத்தே நிமிஷம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதுகள் கொஞ்சிக் குலாவுகிற வரைக்கும் எனக்கு நெட்டு வரப்போவதில்லை!

"வாலாக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்," என்று சந்தில் அலகை வைத்துக் குரலைத் தாழ்த்தினாள். "சொல்லக்கூடாதுதான், மனசு கேக்கல. உங்க வாலைப் பார்த்து, யாரோ துடைப்பத்தைக் காயப்போட்டிருக்காங்கன்னு புனுகண்ணன் சொல்லிச் சிரிச்சாரு."

அப்புறம் புனுகுசாமியைக் கூப்பிட்டாள். "அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. உங்க வாசனை தாங்காமத்தான் அக்கா மேல்கிளைக்கே குடி போனாங்களாம்."

அவ்வளவுதான். அத்திக்காய் பறந்தது, இலை பறந்தது, இரண்டு வம்சத்து மானமும் சேர்ந்து பறந்தது.

"உன் மூஞ்சி இருக்கிற சேனல்ல என் நெட்டு ஓடாதுடா!" என்று கத்திவிட்டு வாலாம்பாள் பதினொண்ணுக்குப் போனாள்.

"போ, போ! இந்த ஆறு எங்க அப்பன் வீட்டு ஆறு. நான் அசைய மாட்டேன்!" என்று உட்கார்ந்துவிட்டார் புனுகுசாமி.

சிறகப்பன் நடுவில் நின்று விம்மினான். மணி பதினொன்று. அழைப்பு வந்துவிட்டது.

திரையில் தேர்வுக் குழுத் தலைவி மாதங்கி மேடம், பெரிய யானை, கட்டம் கட்டமாகத் தெரிந்தார். தும்பிக்கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம். குரல் விட்டு விட்டு வந்தது. அலகம்மையின் ரவுட்டர் இன்னும் ஆறில் புனுகுசாமியோடு முட்டிக்கொண்டிருந்தது. பதினொண்ணில் வாலாம்பாள் இருக்கிறாள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம். மானமா வேலையா என்று அரை நொடி யோசித்தாள். மானத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க, ஒரு நிமிஷம், எங்க ரவுட்டர் ஆறாம் சேனல்ல மாட்டிக்கிச்சு, நான் சட்டுனு ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்!"

அந்தப் பாழாய்ப்போன ஆறாம் சேனல் அதில் பாதியை முழுங்கிவிட்டது. மேடம் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "மேடம்... ஒரு நிமிஷம்... ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்!"

சேனல் மாறியது. படம் பளிச்சென்று வந்தது. குழு உறுப்பினரான புள்ளிமான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குவதும், காட்டெருமை கூரையைப் பார்ப்பதும் துல்லியமாகத் தெரிந்தது. அலகம்மைக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓடி ஒளியலாம் என்றால் ஏற்கெனவே பொந்துக்குள்தான் இருக்கிறாள்.

"போயிட்டு வந்துட்டியாம்மா?" என்றார் மாதங்கி மேடம்.

"வந்துட்டேன் மேடம். அது வந்து, நான் சொன்னது..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். காலையிலேருந்து பதினேழு பேர் வந்துட்டாங்க. இது என்ன வேலைன்னு கேட்டா, ஒருத்தர் வன வளம்ங்கிறார், ஒருத்தர் வருங்காலம்ங்கிறார். பழத்தைத் தின்னுட்டு எச்சம் போடுற வேலைன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல. நீ ஒருத்திதான் ஒண்ணுக்கே இவ்வளவு தைரியமா, ஒளிவுமறைவில்லாம சொல்லிட்டுப் போனே. ரெண்டைப் பத்தி உன்கிட்ட நாங்க கேக்கவே வேண்டியதில்ல. வேலை உனக்குத்தான்!"

அலகம்மை பொந்துக்குள்ளேயே குதித்தாள், முட்டை மேல் படாமல். சந்தோஷத்தில் சிறகப்பன் மூன்றாவது முறையாக அழுதான். அழுதுகொண்டே, "இந்த நல்ல நாள்ல அவங்க ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுடறேன்," என்று கிளம்பினான்.

சந்து வழியாக அலகு நீண்டு வந்து அவன் சிறகைக் கவ்விப் பிடித்தது.

"மூச்சு விட்டீங்கன்னா தெரியும்! நாளையிலேருந்து மூணு மாசம் எனக்கு ஆன்லைன் டிரெய்னிங்."

மேல்கிளையிலும் கீழ்க்கிளையிலும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் போனிலும் சினிமா ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

நீதி: அக்கம்பக்கத்தார் ஒற்றுமையாக இருந்தால் மனசு நிறையும், நெட்டு வராது. ஆகவே அவர்களை நன்றாக மூட்டிவிட்டுவிட்டு, நீ கூச்சப்படாமல் ஒண்ணுக்குப் போ.