பதினாறு பக்கத் துணிச்சல்

ஆதாரமில்லாத வாக்கியம் தூணில்லாத மண்டபம். மனித நாகரிகமே அடிக்குறிப்பின் மேல்தான் நிற்கிறது. இந்த மாபெரும் உண்மையைக் குடிநீர் அலுவலகத் தலைமை எழுத்தர் உலகுக்கு அறிவித்தது, ஜலதோஷத்துக்கு விடுப்புக் கேட்ட தட்டச்சம்மாவைத் தும்மிக் காட்டச் சொன்னபோது. அன்றிலிருந்து அவருக்கு 'ஆதாரம்' என்றே பெயர்.

அந்த ஆதாரத்துக்கே இப்போது ஆதாரம் கிடைக்கவில்லை.

தலைமைப் பொறியாளரின் நாவல் வெளியாகி நான்கு வருஷம் நிறைந்ததற்கு வெள்ளிக்கிழமை பாராட்டு விழா. ஆளுக்கொரு பத்தி எழுதி வாசிக்க வேண்டும். இவருக்கு வந்த தலைப்பு 'கதாநாயகியின் துணிச்சல்'. மேற்கோளும் பக்க எண்ணும் கட்டாயம் என்று சுற்றறிக்கை போட்டவரும் இவரே. நாவலைத்தான் படித்ததில்லை.

இவருடைய இடமாற்ற மனு ஏழு மாதமாகப் பொறியாளர் மேசையில் கிடந்தது. மனைவிக்கு வேலை ரயிலில் ஒன்பது மணி நேரத் தொலைவில். மூன்று வருஷமாகக் குடித்தனம் தொலைபேசியில்தான் நடந்தது.

"இந்தத் தடவையாவது கையெழுத்துப் போடுவாரா?" என்றாள் மனைவி.

"ஒரு பத்திதான் பாக்கி. அவர் மனசு குளிர்ந்தா போதும்."

"புஸ்தகத்தைப் படிச்சீங்களா?"

"பாராட்டுறதுக்கு எதுக்குடி படிக்கணும்?"

தட்டச்சம்மாவைப் பிடித்தார்.

"படகுல தனியா போவாளே சார், அந்த இடத்தை எழுதுங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"எந்தப் பக்கம்?"

"கண்ணு கலங்கினதுல பக்கம் தெரியல சார்."

படகை எழுதினார். எட்டிப் பார்த்த ஸ்டோர்காரர் உதட்டைப் பிதுக்கினார். "படகா? கதை நடக்கிறது மலையிலண்ணே."

"நீ படிச்சியா?"

"அட்டையில மலை இருக்கே."

மலையையும் சேர்த்தார். கணக்கர் அதைப் படித்துவிட்டு, "அவதான் மூணாம் அத்தியாயத்துலயே செத்துருவாளே" என்றார். சாயங்காலத்துக்குள் அந்தப் பத்தியில் ஒரு பெண், செத்த பிறகு படகில் மலையேறிக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல், அந்த அலுவலகத்தில் யாரும் செய்யாத காரியத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தார். நாவலைப் பிரித்துப் படித்தார்.

பத்தாவது பக்கத்தில் டீ ஆறிப்போனது. ஐம்பதாவது பக்கத்தில் துவைக்கப் போட்ட துணி மறந்துபோனது. கணவன் ஒரு வாக்கியத்தைப் பேசி முடிப்பதற்குள் கதாநாயகியான தையற்காரி எத்தனை பாத்திரம் கழுவினாள் என்று ஆசிரியர் எண்ணிச் சொல்லும் இடத்தில் தலைமை எழுத்தர் புத்தகத்தை மூடி, அடுக்களையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'கதவைத் தட்டுகிறவனுக்கு என்ன தைரியம் வேண்டும்? திறக்கிறவளுக்கல்லவா வேண்டும்' என்ற வரியை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். குழாய்க்கும் வால்வுக்கும் கையெழுத்துப் போடுகிற மனுஷனுக்குள் இப்படி ஒரு மனசா? இவ்வளவு நாள் மேலதிகாரி என்று வணங்கியவரை அன்றுதான் மெய்யாகவே வணங்கினார்.

நூற்று அறுபதாம் பக்கத்தில், வீட்டை விட்டுப் போக முடிவெடுத்த தையற்காரி தாழ்ப்பாளில் கை வைத்தாள். அடுத்த பக்கம் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. நூற்று எழுபத்தேழில் அவள் வேறோர் ஊரில் சொந்தக் கடை வைத்திருந்தாள்.

துணிச்சல் என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பதினாறு பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும்.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்த ஒன்பது பிரதிகளையும் வாங்கிப் புரட்டினார். ஒன்பதிலும் வெள்ளை.

"நாலு வருஷமா புகழ்றீங்களே, ஒருத்தர் கண்ணுலயுமா படல?"

"நீங்க எதுக்கு சார் நடுப்பக்கத்துக்கெல்லாம் போனீங்க?" என்றாள் தட்டச்சம்மா.

ஸ்டோர்காரர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிடாதீங்கண்ணே. எங்க மானமும் போகும், உங்க மனுவும் போகும்."

சொன்னால் மனைவி தூரம். சொல்லாவிட்டால் ஆதாரம் இல்லை. நான்கு நாள் யோசித்தார். வெள்ளிக்கிழமை மேடையேறி வாசித்தார்:

"தாழ்ப்பாளில் கை வைத்தவள் எப்படி வெளியேறினாள் என்பதை ஆசிரியர் எழுதவில்லை. எழுதினால் அது சிறுத்துவிடும் என்று பதினாறு பக்கங்களை வெள்ளையாகவே விட்டார். அவள் துணிச்சலுக்குச் சொல் போதாது என்று அறிந்த பேனா இது. ஆதாரம்: பக்கம் 161 முதல் 176 வரை."

அரங்கமெங்கும் பக்கங்கள் புரளும் சத்தம். "நான் அப்பவே கவனிச்சேன்" என்றார் கணக்கர்.

பொறியாளரும் ஒரு பிரதியை வாங்கிப் புரட்டினார். முகம் வெளுத்தது, பிறகு மெல்ல மலர்ந்தது. எழுந்து வந்து தலைமை எழுத்தரின் தோளைத் தட்டினார்.

"இதை ஒருத்தராவது கண்டுபிடிப்பாங்களான்னு நாலு வருஷமா காத்திருந்தேன்யா. என் மேசையில கிடக்கிற அந்த மனுவைக் கொண்டா."

மேடையிலேயே கையெழுத்தானது.

கூட்டம் கலைந்ததும் தலைமை எழுத்தர் மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீ மேசைக்குப் போனார். பொறியாளரின் மனைவி எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் சாதாரண ஆள் இல்லம்மா" என்றார் இவர். "முழு நாவலும் ஒரு தட்டு, அந்தப் பதினாறு பக்கம் ஒரு தட்டு."

"சர்க்கரை எத்தனை?"

"ஒரு கரண்டிம்மா."

அந்த அம்மாள் டீயைக் கலக்கிக் கையில் கொடுத்தார்.

"மத்ததெல்லாம் நான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பதினாறு பக்கம் மட்டும் அவரே எழுதறேன்னு சொன்னார்."