இடப்பக்கக் கிட்டார் எங்கே?

முகநூலில் கருத்துச் சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அரைகுறையாகக் கேட்டவர்கள். நான் அளந்துவைத்ததுபோல் சரிபாதி கேட்டவன்.

கிளிநொச்சியில் ஒரு புரொக்ரெசிவ் மெட்டல் இசைக்குழு இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர் நம்புவதில்லை. இருக்கிறது, பெயர் ‘கண்டல்’. (இந்த வகைப் பாட்டில் தாளம் ஏழில் தொடங்கி ஐந்துக்குத் தாவும். தலையாட்ட வந்தவன் பாதியில் தலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பான்.) அவர்களுடைய இரசிகர் குழுவை முகநூலில் நடத்தியவன் நான். வயது இருபத்தைந்து. ஒலிப்பதிவைப் பற்றி வன்னியிலேயே எனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு.

நெடுநாளைக்குப் பிறகு கண்டல் ஒரு புதிய பாட்டை வெளியிட்டது. அடுத்த மாதம் முழுத் தொகுப்பும் வருவதாக இருந்தது. ஒலிக்கலவை செய்தவர் அக்கராயன் ஊரைச் சேர்ந்த தர்சினி. அவருக்கு அதுதான் முதல் பெரிய வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். குழுவில் இரண்டு கிட்டார். வலப்பக்கத்தில் ஒன்று முழங்கியது. இடப்பக்கத்தில், முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்து வாசிக்கும் ரூபனுடைய கிட்டாரைக் காணவே காணோம்.

உடனே எழுதினேன்: “ரூபனின் கிட்டாரைக் கொன்றது யார்? டிரம் பிஸ்கற் தகரம்போல் ஒலிக்கிறது. கலவை செய்தவர் தூங்கிவிட்டாரா?” (டிரம்மில் உண்மையில் ஒரு குறையும் தெரியவில்லை. விமர்சனம் என்றால் இரண்டு குறையாவது வேண்டும் அல்லவா?)

தேத்தண்ணீர் ஆறுவதற்குள் கருத்துகள் கொட்டின. “ஓம் அண்ணை, எனக்கும் கேக்கேல்ல” என்றார் உடையார்கட்டுக்காரர் ஒருவர். அவர் ஓடும் உழவு இயந்திரத்தில் இருந்தபடி கைப்பேசியில் கேட்டவராம். “நான் இன்னும் பாட்டுக் கேக்கேல்ல, ஆனா அண்ணை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று புளியங்குளத்திலிருந்து ஒருவர். எனக்குக் கால் தரையில் படவில்லை.

மூன்றாம் நாள் செய்தி வந்தது. ரூபன் தர்சினியிடம், “வேணுமெண்டே என்னைக் குறைச்சுப்போட்டீங்கள்” என்று சண்டை பிடித்துக் குழுவை விட்டுப் போய்விட்டான். தொகுப்பு நிறுத்தப்பட்டது.

சோறு இறங்கவில்லை. எழுதியதை அழித்தால் கோழை. விட்டுவைத்தால் குழுவை உடைத்தவன். பாட்டைப் பத்துத் தரம் திரும்பக் கேட்டேன். ஒவ்வொரு தரமும் ரூபன் இல்லை. பழைய பாட்டுகளும் கொஞ்ச நாளாக மெலிந்தே ஒலித்தன. என் இரசனை வளர்ந்துவிட்டது என்று அதற்கும் காரணம் வைத்திருந்தேன்.

அப்போது தர்சினியிடமிருந்து ஒரு செய்தி: “நாளைக்குப் பின்னேரம் ரூபனையும் கூட்டிக்கொண்டு உங்கட வீட்ட வாறன். நீங்கள் கேட்ட ஹெட்போனிலயே கேட்டுப்பாப்பம்.”

மறுநாள் முன்னறையை நாலு தரம் கூட்டினேன். கதிரைகளை மாற்றி மாற்றிப் போட்டேன். அம்மா சந்தேகப்பட்டு, “மாப்பிள்ளை பாக்க ஆரும் வருகினமோடா?” என்றார்.

வந்தார்கள். தர்சினி ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். என் ஹெட்போனை மாட்டிப் பாட்டை முழுவதும் கேட்டார். பிறகு ரூபனிடம் நீட்டினார். அவன் கேட்கக் கேட்க முகம் மாறியது.

“என்ர கிட்டார் இருக்கு. வடிவாக் கேக்குது.”

“அப்ப ஏன் சண்டை பிடிச்சனீங்கள்?” என்றார் தர்சினி.

“நான் கொமன்ற்தான் வாசிச்சனான்” என்றான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “பாட்டை ஒழுங்காக் கேக்கேல்ல.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தர்சினி ஹெட்போனை என் தலையில் மாட்டினார்.

“இப்ப?”

“இல்லை.” குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கொஞ்சம் யோசித்தார். ஹெட்போனைக் கழற்றி, இடம் வலம் மாற்றி மாட்டினார். ரூபனின் கிட்டார் மழைபோல் இறங்கியது.

“வந்திட்டுது!” என்று துள்ளி எழும்பினேன்.

“மற்றக் கிட்டார்?”

மற்றதைக் காணோம்.

தேத்தண்ணீரோடு வந்த அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இடப்பக்கம் நிண்டு கூப்பிட்டா இவன் திரும்பிறேல்ல பிள்ளை. திமிர் எண்டெல்லோ நினைச்சனான்.”

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரி. ரூபனும் வந்தான். (துணைக்கு என்றான். வேடிக்கை பார்க்க வந்தான்.) டொக்டர் காதுக்குள் தண்ணீரைப் பீச்ச, புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒன்று பாத்திரத்தில் விழுந்தது. “எவ்வளவு காலமா இதை வளக்கிறீர்?” என்றார் டொக்டர்.

ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் நின்று பாட்டைக் கேட்டேன். இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று கேள்வி கேட்டு, மறுத்து, கடைசியில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அந்தச் சந்திப்புக்காகவே தர்சினி இரண்டையும் இரண்டு பக்கம் வைத்திருக்கிறார். நிமிர்ந்து ரூபனைப் பார்க்க முடியவில்லை.

அன்றே நடந்த எல்லாவற்றையும் முகநூலில் எழுதினேன், காதிலிருந்து விழுந்த குறும்பி உட்பட. இரசிகர்கள் தங்கள் காதைச் சோதித்த படங்களைப் போடத் தொடங்கினார்கள். ரூபன் குழுவுக்குத் திரும்பினான். தொகுப்பும் வந்தது, தர்சினியின் கலவையிலேயே.

போன வருடம் எனக்குக் கலியாணம். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா பின்னால் குனிந்து, “கேக்குதோ? ஐயரை வலப்பக்கம் வரச் சொல்லட்டோ?” என்றார். பெண்வீட்டார் விளக்கம் கேட்டார்கள். ரூபன் மகிழ்ச்சியோடு விளக்கினான்.

இப்போது மாமனார், மாமியார், மைத்துனர் எல்லாரும் என்னோடு கதைப்பதென்றால் சுற்றி வந்து வலப்பக்கம்தான் நிற்கிறார்கள். இடது காது நன்றாகக் கேட்கிறது என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். மாமியார் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, கதிரையைத் தூக்கி வலப்பக்கம் போட்டுக்கொள்கிறார்.