கேலனுக்கு எட்டு மைல்

நஸ்ருதீன் பெட்ரோல் டாங்கிக்குள் விட்ட மூங்கில் குச்சியை வெளியே இழுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். அதே இடம்தான்.

"நேத்து காலையிலேர்ந்து இன்னைக்குக் காலைக்குள்ள அஞ்சு கேலன் போயிருக்கு. போன மாசம் ஒரு நாளைக்கு நாலுதான் குடிச்சுது," என்றார் மனைவியிடம்.

"வண்டிக்கு வயசாவுதுல்ல," என்றாள் அஜீசுன்னிசா, அரிசி களைந்துகொண்டே.

கடலூர் முதுநகர் சோடா கம்பெனியிலிருந்து சிதம்பரத்துக் கடைகளுக்குக் கோலி சோடா ஏற்றிப்போவது நஸ்ருதீனின் பிழைப்பு. போகவர ஐம்பத்தாறு மைல். அந்தப் பழைய பிக்கப்பில் மைல் மீட்டரும் பெட்ரோல் முள்ளும் அவர் வாங்கும்போதே செத்துப்போயிருந்தன, குச்சிதான் எல்லாம். பகல் பன்னிரண்டுக்குள் திரும்பிவந்து, சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு கேட்கும்வரை இடியே விழுந்தாலும் எழமாட்டார்.

யோசனை சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தான். அஜீசுன்னிசாவின் தம்பி அப்துல் ஹக், பினாங்கில் எட்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஊர் திரும்பியிருந்தான்.

"டயர்ல காத்து பத்தல மச்சான். பினாங்குல நாங்க கல்லு மாதிரி வெச்சிருப்போம்."

டயர்களைக் கல்லாக்கினார்கள். புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் எகிறி விழுந்தது. முதலில் ஒரு பாட்டில் வெடித்தது. அதைப் பார்த்து மற்றவை ஆரம்பித்தன. சிதம்பரம் மேலவீதியில் வண்டி நின்றபோது அடியிலிருந்து சோடா ஒழுகியது.

மறுநாள் சோடா கம்பெனி முதலாளி சபாபதி கேட்டார். "பாய், நான் சோடா அனுப்புனனா, ஒடஞ்ச கண்ணாடி அனுப்புனனா?"

குச்சியைப் பார்த்தால் ஐந்தரை கேலன் போயிருந்தது.

"அப்போ கார்புரேட்டர்தான்," என்றான் அப்துல் ஹக், கொஞ்சமும் அசராமல். "பெட்ரோலக் கொறச்சு காத்தக் கூட்டணும்."

ஒரு திருகைத் திருகினான். வண்டி இருமிக்கொண்டே கிளம்பி, வெள்ளாற்றுப் பாலத்தின் நட்டநடுவில் மூச்சை நிறுத்தியது. பின்னால் ஒரு பஸ். அதற்குப் பின்னால் வைக்கோல் வண்டிகள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பத்துப் பேர் தள்ளினார்கள். தள்ளும்போது நஸ்ருதீனைப் பற்றி அவர்கள் சொன்னதையெல்லாம் அவர் காதில் வாங்காத மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குச்சி ஆறு கேலன் என்றது.

"பாரம் ஜாஸ்தி மச்சான். ஸ்டெப்னி சக்கரத்த எறக்கி வெச்சிட்டுப் போங்க."

இறக்கிவைத்துவிட்டுப் போன அன்றே ஆலப்பாக்கத்தில் ஆணி ஏறியது. சக்கரத்தைக் கழற்றி, உச்சி வெயிலில் இரண்டு மைல் உருட்டிக்கொண்டு போய் ஒட்டுப்போட்டு, மறுபடி இரண்டு மைல் உருட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குத் தூக்கம்கூட இல்லை. அதிசயமாக அன்று மட்டும் நாலே கேலன்.

"பாத்தீங்களா, பாரம்தான்," என்றான் அப்துல் ஹக்.

அதற்கு மறுநாள் ஆறரை.

நஸ்ருதீனுக்கு வெறுத்துப்போனது. "எஞ்சின் குடிக்கல. எவனோ திருடுறான்." கொல்லனிடம் சொல்லி டாங்கி மூடிக்குப் பெரிய பூட்டாகப் போட்டு, சாவியை மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மூன்று நாள் கழித்துப் பார்த்தால் பூட்டு அப்படியே இருந்தது. பெட்ரோல் மட்டும் ஒரே நாளில் ஏழு கேலன் போயிருந்தது.

"கேலனுக்கு எட்டு மைல்," என்று அவர் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். "வித்துத் தொலைக்கிறேன் இத."

அஜீசுன்னிசா பதறினாள். "இன்னும் பத்து நாள் பொறுங்க. சரியாப் போயிடும்."

"பத்து நாள்ல அது என்ன திருந்திடப்போவுதா?"

"இன்ஷா அல்லாஹ், செலவு கொறஞ்சிடும்ங்க," என்றாள். எப்படி என்று அவர் கேட்டதற்கு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

அவர் பொறுக்கவில்லை. ஊரெல்லாம் சொல்லிவைத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தபோது திட்டக்குடிக்காரர் ஒருவர் வாசலில் நின்றிருந்தார். பெயர் கொளஞ்சியப்பன், நெல் வியாபாரி. கோர்ட் வேலையாகக் கடலூரில் ஒரு வாரமாகத் தங்கியிருக்கிறாராம். வண்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். விலை சொல்லுங்கள் என்றார்.

அப்துல் ஹக் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவசரமாக வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். அஜீசுன்னிசா கதவோரத்தில் நின்றாள்.

நஸ்ருதீன் குறையை மறைத்து விற்கிற ஆள் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன். கேலனுக்கு எட்டு மைல்தான் குடுக்குது. டயர், கார்புரேட்டர், பூட்டு, எல்லாம் பாத்தாச்சு. காரணமே தெரியல. யோசிச்சு வாங்குங்க."

கொளஞ்சியப்பன் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, கதவுப் பக்கம் மரியாதையாகத் தலையசைத்தார்.

"என்னா பாய் இப்பிடிச் சொல்றீங்க, ஒரு வாரமா மத்தியானத்துல திருவந்திபுரம் ரோட்ல அந்த அம்மா, இந்தத் தம்பியப் பக்கத்துல வெச்சிக்கிட்டு, நாலு தபா அஞ்சு தபான்னு ஓட்டிப் பழவுறாங்களே, அந்த ஓட்டத்தப் பாத்துத்தான நான் வண்டிய வாங்கவே வந்தேன்."