புத்தகம், காய்கனி, காலணி

அன்பும் மரியாதையும் கொண்ட மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கே நான், பெரியவள், சின்னவன் மூவரும் சௌக்கியம். நான்காவது ஆள் பதினோரு நாளாக உங்கள் வீட்டில் இருப்பதால் அவள் சௌக்கியத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். ஒரு தரப்பை மட்டும் கேட்டு நீங்கள் முடிவுக்கு வந்திருக்கக்கூடும் என்பதால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசை துடைக்கப்பட்ட பிறகு, இந்தக் குடும்பம் கேஷ்பேக் தரும் கிரெடிட் கார்டு ஒன்றை வாங்குவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான், அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். இந்தத் தீர்மானத்துக்காக நான் மூன்று வாரம் படித்திருந்தேன். ஒரு வங்கி எல்லாச் செலவுக்கும் ஒரே மாதிரி ஒன்றரை சதவீதம் திருப்பித் தருகிறது; எதன் மேலும் தனியாக ஆசை இல்லாதவர்களுக்கான கார்டு அது. இன்னொரு வங்கி பெட்ரோலுக்கு ஏழு சதவீதம் தருகிறது. நம்மிடம் வண்டி கிடையாது. அந்த ஏழு சதவீதத்துக்காக வண்டி வாங்கினால் என்ன என்று ஒரு மாலை முழுக்க யோசித்ததையும் நான் மறைக்கவில்லை. மூன்றாவது வங்கி வருடக் கட்டணமாக வாங்குவதில் பாதியைக் கேஷ்பேக்காகத் திருப்பித் தந்துவிட்டு வாழ்த்தும் அனுப்புகிறது. இவற்றையெல்லாம் கழித்து நான் தேர்ந்தெடுத்த கார்டில், மூன்று செலவு வகைகளை நாமே சொல்லலாம். அந்த மூன்றுக்கும் ஐந்து சதவீதம் திரும்பி வரும். மற்ற எதற்கும் ஒன்றும் வராது. தன்னை அறிந்தவனுக்கு அதில் லாபம். அறியாதவனால் வங்கிக்கு லாபம்.

வங்கியில் இருந்த பெண் நல்ல பெண்தான். "சார், போன மூணு மாசத்துல எதுக்கு எவ்ளோ செலவாச்சுன்னு பாருங்க. ஜாஸ்தியா இருக்கிற மூணைச் சொல்லுங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றாள். அவ்வளவு சுலபமாக முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருஷம் தணிக்கையில் இருந்தவன் நான். அரசாங்கமே ஒருவன் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை நம்பும்போது பெற்ற பிள்ளைகளை நம்பாமல் பழைய ரசீதுகளைக் கிளறுவது மரியாதை ஆகாது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து எல்லோரையும் மறுபடி கூட்டி, சின்னவனை எழுப்பி உட்கார வைத்து, அவரவர் எதற்கு அதிகம் செலவு செய்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன்.

சின்னவன் கொட்டாவி விட்டுவிட்டு, "புக்குதான்பா. காலேஜுக்கு வேண்டியது" என்றான். பெரியவள், மதியம் ஆபீஸில் பழங்களும் பச்சைக் காய்கறியும் மட்டுமே சாப்பிடுவதாகச் சொன்னாள். நான், எனக்கென்று செலவே கிடையாது, ஆனால் தினமும் நடக்கிறவனுக்குக் காலணி தேயும், ஆகவே மூன்றாவதாகக் காலணியைப் போடலாம் என்றேன். உங்கள் தங்கை மட்டும், "ஹோட்டலையும் போட்டு வைங்களேன். யாராச்சும் எப்பவாச்சும் சாப்பிடுவாங்க" என்றாள். "நம்ம வீட்ல யாரும்மா வெளியில சாப்பிடுறா?" என்று பெரியவள் கேட்டாள். உங்கள் தங்கை அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுடைய செலவு என்ன என்று யாரும் கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. புத்தகம், காய்கனி, காலணி என்று எழுதிக் கொடுத்தோம். எங்கள் இருவரில் அவளுக்குத்தான் இன்னும் சம்பளம் வருகிறது என்பதால் முதன்மைக் கார்டு அவள் பெயரில். எங்கள் மூவருக்கும் அதன் கீழ் ஆளுக்கொரு கூடுதல் கார்டு. அன்றிலிருந்து வீட்டில் யாரும் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், ரொக்கமாகக் கொடுக்கும் ஒவ்வொரு காசிலும் சதவீதம் சாகிறது என்றும் நானே உத்தரவு போட்டேன்.

முதல் மாதம் முடிந்தபோது வங்கி நமக்குத் திருப்பித் தந்த தொகையை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் தங்கை வாங்கிய தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் உரியது மட்டும் வந்திருந்தது. புத்தகம் ஒன்றுகூட இல்லை. சின்னவன் போனில் விளையாடும் சண்டைக்கு ஆயுதங்கள் வாங்கியிருந்தான். பெரியவள் ஒரு மாதத்தில் பதினேழு ஹோட்டலில் கால் வைத்திருந்தாள். இந்தக் குடும்பத்துக்கு மிகப் பொருத்தமான கார்டைத்தான் நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன், மச்சான். அந்தக் குடும்பம் இந்த வீட்டில் வசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் என் பங்கு பற்றி. போன வருஷம் எனக்கு மார்வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததும், டாக்டர் தினமும் நடக்கச் சொன்னதும், நீங்கள் ஷூ வாங்கி அனுப்பியதும் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் தங்கை மூன்று நாள் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் நீங்கள் பார்த்தீர்கள். நானும் நடந்தேன். இரண்டு வாரம் நடந்தேன். பூங்காவில் எல்லோரும் வேகமாகப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறார்கள். இதை எங்கள் துறையில் வீண் பயணம் என்று குறிப்போம். அதன் பிறகு நான் காலையில் தெருமுனை வரை நடந்து, அங்கிருந்து வாடகைக் காரில் போக ஆரம்பித்தேன். போய், பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, அதே காரில் திரும்பினேன். முன்பெல்லாம் ரொக்கம் கொடுத்துவிடுவேன். என் உத்தரவுக்குப் பிறகு என்னிடம் ரொக்கம் இல்லை. கூடுதல் கார்டில் செய்யும் செலவுக்கு முதன்மைக் கார்டுக்காரருக்கு மெசேஜ் போகும் என்று ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. நான் பன்னிரண்டாம் பக்கம் வரை படித்திருந்தேன்.

பள்ளிக்கூட வேலையில் உங்கள் தங்கைக்குப் போனைப் பார்க்க நேரமில்லை. மாதக் கடைசியில்தான் மெசேஜ்களை உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "என்னங்க, யாரோ நம்ம கார்டைப் போட்டுக் கார்ல சுத்துறாங்க" என்றாள். எங்கே என்று கேட்டேன். "இங்கதான், நம்ம தெருமுனையிலேர்ந்து. காலையில நீங்க நடக்கப் போற நேரமாப் பாத்து." நான் அநியாயம் என்றேன். அந்த ஒரு சொல்லைத் தவிர நான் வேறு எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

வங்கிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நான் எதிரே உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் ஒரு பையன், "மேடம், அது உங்க வீட்டுக்காரர் கார்டு. அவரே போயிருக்கலாமில்ல?" என்று கேட்டான். "அவரு நடக்கிறவருங்க. எவனோ அவரு கார்டை எடுத்துட்டுப் போயி காரைப் பிடிச்சிட்டு, திரும்பப் பழைய எடத்துல வெச்சிடுறான்" என்றாள். "தினமுமா மேடம்?" "தினமும்தான். அவரு பொய் சொல்லி நான் பாத்ததில்ல தம்பி. இருபத்தொம்பது வருஷம் ஆச்சு." நான் அவிழ்த்த கயிற்றையே மறுபடி கட்டினேன். மறுநாள் புகார்த் தாளில் உங்க கையெழுத்தும் வேணும் என்றாள். போட்டேன். படித்துப் பார்த்துத்தான் போட்டேன்; அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

புகாரைக் கண்டதும் வங்கி கார்டுகளை நிறுத்தியது. கார் கம்பெனி, தினமும் என்னை ஏற்றிப் போன ஓட்டுநரின் வேலையை நிறுத்தியது. மூன்றாம் நாள் அவர் தெருமுனையில் விசாரித்துக்கொண்டு வந்து நம் வாசலில் நின்றார். கதவைத் திறந்தது உங்கள் தங்கை. "மேடம், திருட்டுச் சவாரி ஏத்தினேன்னு வண்டியை எடுக்க விடமாட்டேங்கிறாங்க. சாரு நம்ம ரெகுலர் கஸ்டமருங்க. பூங்கா வாசல்ல எறக்கி விடுவேன். பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிப்பாரு. கெளம்புறப்போ புல்லுல நாலு நடை நடந்து ஷூவை நனைச்சுக்கிட்டு வருவாரு. அது வரைக்கும் வெயிட்டிங்." "தினமுமா?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழமை லீவு மேடம்" என்றார். அவரும் உண்மையைத்தான் சொன்னார், குறை சொல்ல முடியாது.

அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் எதிரிலேயே வங்கிக்குப் பேசிப் புகாரைத் திரும்பப் பெற்றாள். "காரணம் எழுதணும் மேடம்" என்று அந்தப் பையன் கேட்டிருக்கிறான். "நடக்கலைன்னு எழுதிக்குங்க" என்றாள். கார்டுகளும் ஓட்டுநரின் வண்டியும் மறுபடி ஓட ஆரம்பித்தன. பிள்ளைகள் விஷயத்தை நான் நினைவூட்டிப் பார்த்தேன். பதினேழு ஹோட்டல், ஆயுதங்கள், எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க சொல்றது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உங்களைத்தான் நான் பேங்க்காரன்கிட்ட சண்டை போட்டுக் காப்பாத்தினேன்" என்றாள். அதன் பிறகு பெட்டி எடுத்ததும் ரயில் ஏறியதும் நீங்கள் அறிந்ததே.

இதில் என் நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க மச்சான். நடந்து போயிட்டுக் காருக்குப் பணம் கேட்டவங்களை முப்பது வருஷமாப் பிடிச்சவன் நான். கார்ல போயிட்டு நடந்தேன்னு சொன்னவன் என் சர்வீஸ்ல ஒருத்தன் கிடையாது. அதுக்கு விதியே எழுதலை. தப்பு எந்தப் பிரிவில் வருதுன்னுகூட எனக்குப் பிடிபடலை. இங்கே வீடு வீடா இல்லை. பெரியவள் என்னோட பேசுறது முன்ன பேசினதுல அஞ்சு சதவீதம்கூட இல்லை. சின்னவன் தோசைக்கல்லைக் கழுவுறது எப்படின்னு போன்ல படம் பாக்கிறான். உங்க தங்கச்சி நாற்காலியில யாரும் உக்காரலை. யாரும் அப்படிச் சொல்லலை, ஆனா உக்காரலை.

ஆகவே என் விண்ணப்பம் இது. மூன்று வகைகளையும் மாற்றிக்கொள்ள வங்கி இப்போது அனுமதிக்கிறது. ஹோட்டல் ஒன்று, போன் விளையாட்டு ஒன்று என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டோம். மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது. அதில் எதைப் போட வேண்டும் என்று உங்கள் தங்கையிடம் கேட்டு எழுதவும். வாடகைக் கார் என்று போட வேண்டிய தேவை இனி எழாது. கடந்த எட்டு நாளாக நான் நிஜமாகவே நடக்கிறேன். முழுச் சுற்று. ஷூ தானாகவே நனைகிறது. இதை அவளிடம் நீங்கள் பொறுமையாக, என் வாய்மொழியாக இல்லாமல் உங்கள் சொந்த அபிப்பிராயமாக எடுத்துச் சொல்லி, நல்ல வண்டியாகப் பார்த்து ஏற்றிவிட வேண்டும்.

அக்காவின் முழங்கால் தேவலையா? மருமகனுக்கு என் ஆசிகள். அவன் நன்றாகப் படிக்கட்டும், எந்தக் கார்டும் வாங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இதைத் தபால் நிலையத்து மேசையில் நின்றபடி எழுதுகிறேன். காலையில் தூறல் போடும் போலிருந்ததால் காரில் வந்தேன். இறங்கி உள்ளே நுழைவதற்குள் உங்கள் தங்கை போன் செய்துவிட்டாள். இப்போது போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள் போலும். "எங்க இருக்கீங்க?" என்றாள். தபாலாபீஸ் என்றேன். "எப்படிப் போனீங்க?" கார்ல என்றேன். "எட்டு நாளா நடக்கிறதா பெரியவ சொன்னாளே." மூணு நாள்தான் நடந்தேன் என்றேன். "இதையாச்சும் கேட்டவுடனே சொன்னீங்களே" என்றாள். நாளைக் காலை ரயிலில் வருகிறாளாம். உங்களிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். ஆகவே மேலே கேட்டிருக்கும் எதையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. எட்டு நாள் என்று இருப்பதை மூன்று என்று திருத்திப் படிக்கவும். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன்.

திரும்பிப் போகக் கார் கேட்டுப் பார்த்தேன். என் கூடுதல் கார்டு ஐந்து நிமிடத்துக்கு முன் ரத்து செய்யப்பட்டுவிட்டது என்று வந்தது. இங்கிருந்து வீடு மூன்று கிலோமீட்டர்.